மேளத்துக்கு வைத்த பொட்டு

அன்று கீழ் வீட்டில் இருந்தவர்களைச் சொல்கிறேன். கலியாணப் பெண்ணின் தாய். மேளம் அடிக்கிற மனுசி. ரயில் ஸ்டேசன் பக்கம் ஒரே அறையில் இருந்த அக்காவும் தங்கையும். மாப்பிள்ளையின் பெரியம்மா, வாசலோடு ஒரு கதிரையில். பெண், உள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. ஆம்பிளைகள் இல்லை. பெண்ணின் தகப்பனை வெளியில் அனுப்பிவிட்டார்கள். பிறகு நான்.

வரவேண்டிய இன்னொருத்தி வரவில்லை.

இத்தாலியில், பலெர்மோவில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் லீவு. அதனால் அவர்களுடைய சடங்கும் வியாழன் பின்னேரம். கலியாணம் ஞாயிறு. ஊரில் என்றால் விடிய விடியப் பாடுவார்களாம். இஞ்சை எட்டு மணிக்கு எல்லாரும் திரும்பிப் போய் சிஞ்ஞோராவுக்கு, வேலை வீட்டு அம்மாவுக்கு, சாப்பாடு பரிமாறவேண்டும்.

அவர்கள் மொரிசியஸ்காரர். நாங்கள் யாழ்ப்பாணம். அல்பெர்கேரியாவில் சந்தைக்குப் பின்னால் ஒரே கட்டடம். அவர்கள் இரண்டாம் மாடி, நாங்கள் மூன்றாம் மாடி. நாங்கள் என்றால் தம்பி, தம்பியின் மனுசி, நான். கீழே அவர்கள் மீன் பொரித்தால் எங்கள் உடுப்பு மணக்கும். நாங்கள் மிளகாய் வறுத்தால் அவர்கள் யன்னலைச் சாத்துவார்கள். அப்படித்தான் பழக்கம் வந்தது.

தங்களுக்குள் கிரியோல் கதைப்பார்கள். எங்களோடு இத்தாலியன். பாட்டு மட்டும் வேறு பாசை. போஜ்புரி என்று பிறகு அறிந்தேன். கரும்புத் தோட்டத்துக்கு இந்தியாவில் இருந்து கப்பலில் கொண்டுபோன சனத்தின் பாசை. பெண்ணின் தாய் என்னை தீதி என்பா. தீதி என்றால் அக்கா. நான் அவவை அக்கா என்பேன். இரண்டு பேரும் அக்கா. யார் மூப்பு என்று கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் தரம் அவர்கள் பாடக் கேட்டது மொட்டை மாடியில். மார்ச் மாதம். நிறப் பொடி பூசுகிற அவர்களுடைய திருநாள். நான் உடுப்புக் காயப்போடப் போனேன். இரண்டு பகுதியாக எதிரும் புதிருமாக இருந்து பாடினார்கள். ஒரு பகுதி பாட மற்றப் பகுதி திருப்பிப் பாடும். பாட்டு மெல்லத் தொடங்கி ஓட்டமாகி, கடைசியில் மேளம் மட்டும்தான் கேட்கும். நடுவில் மேளக்காரி. பித்தளைச் செம்பை இரண்டு கரண்டியால் தட்டிக்கொண்டு ஒரு கிழவி. அவதான் பின்னுக்கு மாப்பிள்ளையின் பெரியம்மா ஆனா. கீழே குடியிருந்த சிசிலிக் கிழவியின் வெள்ளைப் படுக்கை விரிப்பு கொடியில் தொங்கியது. அது ரோசாவாகிவிட்டது. அவ ஒரு கிழமை திட்டினா. என் கன்னத்திலும் யாரோ பொடி பூசினார்கள். நான் துடைக்கவில்லை. வேலைக்குப் போகும்போது துடைத்தேன்.

பிறகு கூப்பிட்டால் போவேன். ஓரமாக இருப்பேன். அங்கை ஒருத்தரும் என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எங்கட சனத்துக்குள் போனால் கேட்பார்கள். அவரைப் பற்றி ஏதும் தெரிஞ்சுதோ என்று.

நிச்சயம் செய்த அன்றும் போனேன். எல்லாரும் பெரியம்மாவைச் சுற்றி இருந்து அவவைப் பார்த்துப் பாடினார்கள். நல்ல இழுத்த ராகம். அவ கண்ணை மூடிக்கொண்டு செம்பில் தாளம் போட்டா. நான் சாமிப் பாட்டு என்று நினைத்தேன். எழும்பி அவவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். பாட்டு நின்றது. பிறகு அவர்கள் சிரித்த சிரிப்பில் கரண்டி ஒன்று கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. அது திட்டுப் பாட்டாம். சம்பந்தி பகுதியைத் திட்டித்தான் பாடவேண்டுமாம். திட்டாவிட்டால்தான் அவர்களுக்குக் கோபம் வருமாம்.

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா.

"அவளவை என்னை மீசை வைச்ச ஆடு எண்டு பாடுறாளவை. நீ எழும்பிக் கும்பிடுறாய்."

அன்று தொடக்கம் என்னைச் சந்தையில் கண்டால் கையை உயர்த்தி அருள் தருவா, கோயில் சாமி மாதிரி. கத்தரிக்காய்க் கடைக்கு முன்னாலும் தருவா.

இனி என்னுடையதைச் சொல்லவேண்டும்.

என் மனுசன் யாழ்ப்பாண ரவுணுக்குச் சைக்கிள் டயர் வாங்கப் போனவர். அது தொண்ணூறாம் ஆண்டு. வரவில்லை. பிடித்தார்கள் என்று ஒரு ஆள் சொன்னது. யார் பிடித்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். முகாம்களுக்குப் போய்க் கேட்டேன். ஒரு இடத்தில் இல்லை என்றார்கள். ஒரு இடத்தில் நாளைக்கு வா என்றார்கள். நாளைக்குப் போனால் வேறு ஆள் நின்றான். பிறகு தம்பி என்னை இஞ்சை எடுத்தான். தாலிக்கொடியை ஏஜென்சிக்காரனுக்காக விற்றாச்சு. தாலியை மஞ்சள் கயிற்றில் கோர்த்துக்கொண்டு வந்தேன். பொட்டும் வைத்தேன். பெர்மெஸ்ஸோ, இஞ்சை இருக்கிற அனுமதிப் பத்திரம், எடுக்கும்போது கலியாணம் முடித்தவவோ என்று கேட்டார்கள். தம்பி ஓம் என்றான். மொரிசியஸ்காரரும் கேட்டார்கள். ஊரில் என்றேன். மேளக்காரியின் மனுசனும், ஸ்டேசன் பக்கத்து அக்கா தங்கையின் மனுசன்மாரும் அவர்களின் ஊரில்தான். அதோடு விட்டுவிட்டார்கள்.

இந்தக் கலியாணத்துக்கு ஒரு மாதம் முந்தி வவுனியாவில் இருந்து போன் கோல் வந்தது. மாமியார் பகுதி இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தது. அவர்களின் சொந்தக்காரன் ஒருவன் எடுத்தான். தம்பிதான் கதைத்தான். நான் குசினியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டு நின்றேன். வந்து சொன்னான். மாமியார் சாத்திரம் கேட்டாவாம். ஆள் இல்லை என்று சொன்னானாம் சாத்திரி. ஆன்மா அலையக்கூடாது என்று குளக்கரையில் வைத்துக் காரியம் செய்துபோட்டாவாம். உடம்பு இல்லை. தர்ப்பையில் ஆள் மாதிரிச் செய்து எரித்ததாம்.

நான் ஓம் என்றேன். பருப்பை இறக்கினேன். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

அழவில்லை. வரவில்லை, அதுதான். வெள்ளிக்கிழமை சிஞ்ஞோராவின் யன்னல் சீலை எல்லாம் கழற்றித் தோய்த்தேன். காலமை கண்ணாடிக்கு முன்னால் நிற்பேன். கை தன்பாட்டில் குங்குமச் சிமிழுக்குப் போகும். வைத்துவிடும். தம்பி பார்க்கமாட்டான். தம்பியின் மனுசி, என் மச்சாள், பார்ப்பா. முதலில் நெற்றியைப் பார்ப்பா, பிறகு கழுத்தை. ஒன்றும் சொல்லமாட்டா. கழற்று என்று அவவாலும் சொல்ல ஏலாது. போடு என்றும் சொல்ல ஏலாது. இத்தாலிக்கு வெளியால் நடந்த சாவுக்கு, அதுவும் நடந்ததோ தெரியாத சாவுக்கு, என்ன செய்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த வியாழன் ஒரு மணிக்கு வேலை முடிந்து வந்தேன். கீழே சண்டை நடந்தது. மண்ணைப் பற்றிய சண்டை. அவர்கள் பெண்ணுக்கு மஞ்சள் பூச முதல் பொம்பிளைகள் போய்ப் பாடிக்கொண்டு நிலத்தில் மண் வெட்டிக் கொண்டுவரவேண்டும். அல்பெர்கேரியாவில் எல்லாம் கல்லு. பெண்ணின் தகப்பன் சியாகுல்லியில் மண்டரின் பழத் தோட்டத்தில் வேலை. அங்கை இருந்து ஒரு பை மண் கொண்டுவந்தார், நல்ல கறுத்த மண். தான் கெட்டித்தனம் செய்துபோட்டேன் என்று நின்றார். மேளக்காரி பையைப் பார்த்தா. ஆம்பிளை வெட்டின மண் ஆகாது என்றா. இனி சியாகுல்லிக்கு பஸ் பிடித்துப் போய் வர இருட்டிவிடும். கடைசியில் பையை பால்கனியில் இருந்த பெரிய பூச்சாடிக்குள் கொட்டினார்கள். கொட்டிவிட்டு, பாடிக்கொண்டு போய், சாடிக்குள் இருந்து சாப்பாட்டுக் கரண்டியால் வெட்டி எடுத்தார்கள். சரியாம். தகப்பனைக் கோப்பி குடிக்கப் போகச் சொன்னார்கள்.

நான் மேலே குளிக்கப் போனேன். நாலு மணி போல கதவில் தட்டினார்கள். பெண்ணின் தாய். முகம் சரியில்லை. வரவேண்டியவ போன் எடுத்தாவாம். மொண்டெல்லோவில் அவவின் சிஞ்ஞோராவுக்குத் திடீரென்று விருந்தாட்கள். விடமாட்டேன் என்றுவிட்டாளாம்.

அவ விசயத்தைச் சொன்னா. மேளத்தை எடுக்க முதல் மேளத்துக்குச் செந்தூரப் பொட்டு வைக்கவேண்டும். புருசன் உள்ள பொம்பிளைகள்தான் வைக்கவேண்டும். ஐந்து பேர் வேண்டும். பாஞ்ச் என்றா, கையை விரித்து. எனக்கு அது விளங்கும். பஞ்சாங்கம், பஞ்சாமிர்தம், எங்களிலும் அப்படித்தானே. பொட்டு வைக்காமல் மேளம் அடிக்க ஏலாது. மேளம் இல்லாமல் பாட்டு இல்லை. பாட்டு இல்லாமல் பெண்ணுக்கு மஞ்சள் இல்லை. மஞ்சள் பூசாத பெண்ணை ஞாயிற்றுக்கிழமை எப்படி மணவறையில் இருத்துகிறது. தாயோடு நாலு பேர் இருக்கினம். மற்றவர்கள் எல்லாரும் வேலையில்.

"தீதி, நீ வா. நீ ஐந்து."

உடுப்பு மாற்றிக்கொண்டு வாறன் என்றேன். அவ இறங்கிப் போனா.

மச்சாள் அறை வாசலில் பிள்ளையோடு நின்றா. பிறந்து இருபது நாள். பிள்ளைப் பெற்ற துடக்கு, தீட்டு, இன்னும் கழியவில்லை. அதனால்தான் அவவைக் கேட்கவில்லை. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறா.

"மச்சாள், தலையிடி எண்டு சொல்லுங்கோ. நான் போய்ச் சொல்லிவிடுறன்."

நான் சீலையை எடுத்தேன்.

"உங்களை ஒண்டும் குறையாச் சொல்லேல்லை," என்றா. "நாளைக்கு அந்தக் கலியாணப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால்? ஒண்டும் நடக்காது. நடந்தால்? அவை அறிய வந்தால் எங்களைத்தானே சொல்லுவினம். நீங்களும் உங்களைத்தான் சொல்லுவீங்கள்."

அவ சொன்னதில் பிழை இல்லை. நானும் அதைத்தான் யோசித்திருப்பேன், யோசிக்க வந்திருந்தால். சீலையை உடுத்தேன். பொட்டு வைத்தேனோ என்று பார்த்தேன். இருந்தது. குளித்த பிறகு கை தன்பாட்டில் வைத்தது.

படியில் இறங்கும்போது தலையிடி என்று சொல்லத்தான் நினைத்தேன்.

மேளம் நடு அறையில் பாயில் கிடந்தது. புது மஞ்சள் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் ஒரு தட்டம். அதில் செந்தூரம், அரிசி, மஞ்சள், ஒரு பிடி புல்லு. நாலு பேர் சுற்றி இருந்தார்கள். பெரியம்மா வாசலோடு கதிரையில். அவவுக்கு மனுசன் இல்லை. பாடலாம், செம்பு தட்டலாம். மேளத்துக்குக் கிட்ட வரமாட்டா. அவவை ஒருவரும் தள்ளவில்லை. தானாகத்தான் அந்தக் கதிரையில் போய் இருப்பா.

என்னைக் கண்டதும் கையை உயர்த்தி அருள் தந்தா.

பாயில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள். மேளத்துக்கு நேரே. நான் இருக்கவில்லை.

எனக்குத் தெரிந்த இத்தாலியன் தரை துடைக்கிற இத்தாலியன், உடுப்பு மினுக்குகிற இத்தாலியன். ஆள் காணாமல் போனதற்கு என்ன சொல் என்று தெரியாது. சாவி துலைந்தால் சொல்கிற சொல் தெரியும். பெர்சோ. அதைத்தான் சொன்னேன். மரீத்தோ, பெர்சோ. மனுசன் துலைந்தது.

அவர்களுக்கு விளங்கவில்லை. தங்கைக்காரி எங்கை துலைச்சனி என்று கேட்டாள், பொலித்தீன் பையைக் கேட்கிற மாதிரி. அக்காக்காரி அவளைக் கிள்ளினாள்.

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சைக்கிள் டயர். ஆறு வருசம். மாமியார். புல்லில் செய்த ஆள். நெருப்பு. புல்லு என்று சொல்லும்போது தட்டத்தில் கிடந்த புல்லைக் காட்டினேன். அப்போது விளங்கிவிட்டது.

மேளக்காரி கேட்டா. "செத்தவரோ?"

"தெரியாது."

"இருக்கிறாரோ?"

"தெரியாது."

சந்தையில் மீன்காரன் கத்துகிறது கேட்டது. மேளக்காரி பெண்ணின் தாயைப் பார்த்தா. இனி நீதான் சொல்லவேண்டும் என்ற மாதிரி. அக்காவும் தங்கையும் பாயைப் பார்த்தார்கள். பெண்ணின் தாய் உள் அறைக் கதவைப் பார்த்தா. கதவு கொஞ்சம் திறந்து பிறகு மூடிக்கொண்டது. பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பெண்ணின் தாய்க்கு ஒரே பிள்ளை அது. மொரிசியஸில் விட்டுவிட்டு வந்து, பெரிய ஆளான பிறகுதான் இஞ்சை எடுத்தவ. எனக்குத் தெரியும். அவ வேண்டாம் என்று சொன்னால் நான் கோபிக்க ஏலாது. நான் திரும்பினேன். வாசலோடு போய் நின்றேன், பெரியம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில், சுவரோடு. அங்கை நின்று பாட்டைக் கேட்கலாம் என்றுதான்.

பெரியம்மா என் சீலையைப் பிடித்து இழுத்தா.

"இஞ்சை ஏன் வாறாய்? இந்த வாசலில எனக்கே இடம் காணாது."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவவும் சிரிக்கவில்லை.

"என்ர மனுசனை என்ர வீட்டில கிடத்தினவை," என்றா. "நான் முகத்தைப் பார்த்தனான். காலைப் பிடிச்சுப் பார்த்தனான். அதுக்குப் பிறகுதான் என்ர நெத்தியைத் துடைச்சவை. உனக்கு ஆர் துடைச்சது?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப உன்ர இடம் இது இல்லை."

அவவுக்குச் சொல்கிற உரிமை இல்லை. அவ மாப்பிள்ளை பகுதி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை போறது அவவின் வீட்டுக்குத்தான். ஏதும் நடந்தால் நடக்கப்போறதும் அங்கைதான். அதை எல்லாரும் யோசித்திருப்பார்கள்.

பெண்ணின் தாய் தட்டத்தை எடுத்து, என் பக்கம் தள்ளி வைத்தா. பாயில் விட்டிருந்த இடத்தைக் கையால் தட்டினா, தூசி தட்டுகிற மாதிரி.

போய் இருந்தேன்.

தாய் முதலில் வைத்தா. பிறகு மேளக்காரி, பிறகு அக்கா, தங்கை. ஒவ்வொரு பொட்டுக்கும் மேளக்காரி வாய்க்குள் எண்ணினா. ஏக், தூ, தீன், சார். என் முறை. செந்தூரம் எண்ணெயில் குழைத்தது. விரலில் குளிர்ந்தது. மேளத்தின் மரத்தில் மற்றப் பொட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மேளக்காரி மேளத்தைத் தூக்கி மடியில் வைத்தா. வாசலில் இருந்து செம்புச் சத்தம் முதலில் வந்தது. பிறகு பாட்டு. முதல் பாட்டு சாமிக்கு. உண்மையான சாமிக்கு, பெரியம்மாவுக்கு இல்லை. பெண்ணைக் கொண்டுவந்து இருத்தினார்கள். மஞ்சள் பூசினார்கள். நானும் பூசினேன், காலில் இருந்து நெற்றி வரை, அவர்கள் காட்டின மாதிரி. அவள் என் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மற்றக் காலையும் நீட்டினாள்.

பிறகு திட்டுப் பாட்டு. பெரியம்மாவை ஆடு என்றும் கள்ளி என்றும் பாடினார்கள். அவ தாளம் போட்டா. இந்த முறை என்னைப் பார்த்து, கும்பிடு என்று கண்ணால் சொன்னா. நான் கும்பிட்டேன். அப்போது சிரிப்பு வந்தது எல்லாருக்கும். எனக்கும் வாய் சிரித்தது.

கதவு திறந்துதான் கிடந்தது. படியில் மச்சாள் பிள்ளையோடு நின்றா. எவ்வளவு நேரம் நின்றாவோ தெரியாது. உள்ளே வர ஏலாது, துடக்கு. கேட்டுக்கொண்டு நின்றா. பிறகு மேலே போய்விட்டா. அந்த விசயம் அவ என்னோடு பிறகு கதைக்கவில்லை. நெற்றியைப் பார்க்கிறதையும் விட்டுவிட்டா.

ஆறரை போல வரவேண்டியவ வந்துசேர்ந்தா. மொண்டெல்லோவில் இருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறா. வேலைக்குக் கட்டுகிற மேலுடுப்போடு வந்தா. விருந்தாட்கள் வரவில்லையாம், சிஞ்ஞோரா பிறகு விட்டாளாம். மூச்சு வாங்கிக்கொண்டு மேளம் எப்படி எடுத்தனீங்கள் என்று கேட்டா. அவ என்னைப் பார்த்தா. பிறகு எல்லாரையும் பார்த்தா. தான் வந்துவிட்டேன்தானே, தானும் ஒன்று வைக்கிறேன், எதற்கும் இருக்கட்டும் என்று தட்டத்துக்குக் கை நீட்டினா.

பெண்ணின் தாய் தட்டத்தை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்தா.

"காணும்," என்றா. "எண்ணிப் பார்."

அவ குனிந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினா. அடித்ததில் மேளக்காரியின் கை பட்டு ஒன்றிரண்டு இழுபட்டுப் போயிருந்தது. ஆனாலும் தெரிந்தது. அவ இத்தாலியனில் எண்ணினா. நான் எனக்குள் தமிழில் எண்ணினேன்.

ஐந்து.